9 லட்சம் ஆண்டுக் காலடிகள்... இரண்டே வாரத்தில் கடல் கொண்டது!

ஊரின் பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஹாப்பிஸ்பர்க்' என்று வரும். ஊர்க்காரர்கள் அழைப்பதோ 'ஹேஸ்பரோ'. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் மாவட்டத்தில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்னக் கிராமம் இது.

தூரத்திலிருந்தே இரண்டு அடையாளங்கள் தெரியும். ஒன்று, 110 அடி உயரக் கோபுரத்துடன் நிற்கும் புனித மேரி தேவாலயம். இன்னொன்று, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கலங்கரை விளக்கம். 1790-ல் கட்டியது, இன்றும் எரிகிறது. அதை மூடிவிடும் நிலை வந்தபோது ஊர் மக்கள் விடவில்லை. 1990-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றி, பொறுப்பைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை தன்னார்வலர்கள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கும் இந்த ஊரில் ஒரு பங்கு உண்டு. 1903-ல் ஆர்தர் கானன் டாயில் இங்குள்ள 'ஹில் ஹவுஸ்' விடுதியில் தங்கியிருந்தபோதுதான், நடனமாடும் குச்சி மனிதர்களை ரகசிய எழுத்தாக வைத்து ஹோம்ஸ் கதை ஒன்றை எழுதும் யோசனை அவருக்கு வந்தது.

அதைவிடப் பெரிய துப்பறியும் கதை ஒன்று இந்த ஊரின் கடற்கரையிலேயே காத்திருந்தது. அது வெளியே வர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

நாயோடு நடக்கப் போனவர்

2000-ம் ஆண்டு. உள்ளூர்க்காரர் ஒருவர் தன் நாயோடு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார். அலை அரித்த கறுத்த சேற்று மண்ணில் ஏதோ ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய கைக்கோடரி! சிக்கிமுக்கிக் கல்லில், மனிதக் கை செய்த கருவி.

கல் கருவி கிடைப்பது அதிசயமில்லை. அது கிடைத்த இடம்தான் அதிசயம். ஏனென்றால், அந்தக் கறுத்த மண் அடுக்குக்கு மேலேதான், பனியுகத்தில் பெரும் பனிப்பாளம் கொண்டுவந்து கொட்டிய களிமண் மலைபோல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் களிமண் சுமார் 4.5 லட்சம் ஆண்டுப் பழையது என்பது பலரின் கணிப்பு. 'இல்லை, அதைவிடப் பழையது' என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், கீழே இருக்கும் கருவி மேலே இருக்கும் களிமண்ணைவிட மூத்ததாகத்தானே இருக்க வேண்டும்?

ஆய்வாளர்கள் வந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பல பல்கலைக்கழகங்கள் என்று பெரிய குழு அது. 2005 முதல் கரையின் இன்னொரு பகுதியில் தோண்டினார்கள். 70-க்கும் மேற்பட்ட கல் கருவிகள் கிடைத்தன. 2010-ல் 'நேச்சர்' ஆய்விதழில் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கருவிகளின் வயது 8 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல்!

அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, வடக்கு ஐரோப்பாவின் குளிருக்குள் மனிதன் வந்து 5 லட்சம் ஆண்டுகள்தான் ஆயின என்று பாடம் இருந்தது. 2005-ல் பக்கத்து மாவட்டமான சஃபோக்கின் பேக்ஃபீல்டில் கிடைத்த கருவிகள் அதை 7 லட்சம் ஆக்கின. ஹேஸ்பரோ அதையும் தாண்டிவிட்டது.

மழையோடு ஓட்டப் பந்தயம்

கதையின் உச்சம் 2013 மே மாதம். புயல் அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போயிருந்தன. அடியிலிருந்த பழைய வண்டல் வெளியே தெரிந்தது. அதன்மேல் நீள்வட்டமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். கடல் இறங்கியிருந்த நேரத்தில் அங்கே ஆய்வில் இருந்த புவித் தொல்லியலாளர் மார்ட்டின் பேட்ஸின் கண்ணில் அவை பட்டன.

காலடித் தடங்களாக இருக்குமோ?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நேரமில்லை. அடுத்த அலையேற்றம் வந்தால் தடங்கள் தண்ணீருக்குள். ஒவ்வோர் அலையும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு மழை வேறு! பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்க, ஆய்வாளர்கள் நனைந்தபடி படமெடுத்தார்கள். ஒரே பள்ளத்தைப் பல கோணங்களில் படம் பிடித்து, அந்தப் படங்களைக் கணினியில் இணைத்தால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். அந்த முறைதான் கைகொடுத்தது.

சுமார் இரண்டு வாரங்கள். அதற்குள் தடங்கள் அத்தனையும் போய்விட்டன. லட்சக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தவை, வெளிச்சத்தைப் பார்த்த ஒரு பொழுதில் கரைந்துபோயின.

படங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றை வைத்து நடந்த ஆய்வு 2014 பிப்ரவரியில் வெளியானது. அவை மனிதக் காலடிகள்தான் என்பது தெளிவானது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழமையான மனித இனக் காலடிகள். வயது, சுமார் 8.5 லட்சத்திலிருந்து 9.5 லட்சம் ஆண்டுகள்.

பாதம் சொல்லும் உயரம்

ஒரு சின்னச் சோதனை. உங்கள் பாதத்தின் நீளத்தை அளந்து பாருங்கள். அது உங்கள் உயரத்தில் ஏறத்தாழ 15 சதவிகிதம் இருக்கும். 24 செ.மீ. பாதம் என்றால் 160 செ.மீ. உயரம். பெரும்பாலான மனிதக் கூட்டங்களுக்கு இந்தக் கணக்கு சுமாராகப் பொருந்துகிறது.

இதே கணக்கைத்தான் ஹேஸ்பரோ தடங்களுக்கும் போட்டார்கள். கிடைத்த உயரங்கள் 93 செ.மீ. முதல் 173 செ.மீ. வரை. குறைந்தது ஐந்து பேராவது அங்கே நடந்திருக்கிறார்கள். 173 செ.மீ. என்பது நல்ல உயரமான பெரியவர். 93 செ.மீ.? இன்றைய ப்ரீ-கேஜி வாண்டின் உயரம்!

ஆக, அது வேட்டைக்காரர்கள் மட்டும் போன வழியல்ல. பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம் ஆற்றோரச் சேற்றில் நடந்திருக்கிறது. பெரும்பாலான தடங்கள் தெற்கு நோக்கிப் போகின்றன. சில இடங்களில் கால் விரல்களின் பதிவுகூடத் தெரிந்தது.

அவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் அல்லர். நமக்கு மிக முந்தைய வேறொரு மனித இனம். ஸ்பெயின் நாட்டின் அட்டபுவெர்க்கா குகைப் பகுதியில் எலும்புகள் கிடைத்த 'ஹோமோ ஆன்டிசெசர்' இனமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஹேஸ்பரோவில் அவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தவை கல்லும் காலடியும் மட்டும்தான்.

தேம்ஸ் வேறு வழியில் ஓடிய காலம்

இன்று லண்டன் நடுவே ஓடும் தேம்ஸ் நதி, அன்று வெகு வடக்கே விலகி, இந்த நார்ஃபோக் பகுதி வழியாகக் கடலில் கலந்தது. காலடிகள் பதிந்தது அந்த முகத்துவாரச் சேற்றில்தான். பிற்பாடு வந்த பனிப்பாளம்தான் நதியைத் தெற்கே தள்ளி, இன்றைய பாதையில் ஓடவிட்டது. பிரிட்டன் அன்று தீவும் அல்ல. ஐரோப்பாவோடு நிலத்தால் ஒட்டியிருந்தது. நடந்தே வரலாம்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? சேற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

முதல் சாட்சி, வண்டலில் இருக்கும் நுண்ணிய இரும்புத் தாதுக்கள். அவை படியும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹேஸ்பரோ வண்டலில் அந்தத் திசை தலைகீழாக இருந்தது. அதாவது, அன்று ஒரு திசைகாட்டி இருந்திருந்தால் அதன் வடக்கு முள் தெற்கைக் காட்டியிருக்கும்! பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டு இன்றைய நிலைக்கு வந்தது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியென்றால் இந்தச் சேறு அதற்கும் முந்தையது.

அடுத்த சாட்சிகள், அழிந்துபோன விலங்குகளும் தாவரங்களும். பழைய வகை மம்மத், குதிரை, மான்களின் எச்சங்கள், பைன் மரக் காய்கள், மகரந்தத் துகள்கள்.

மூன்றாவது சாட்சிதான் சுவாரஸ்யம். வண்டுகள்! வண்டு இனங்கள் குளிர், வெப்பம் விஷயத்தில் ரொம்பக் கறார். ஒவ்வோர் இனமும் தனக்குப் பிடித்த தட்பவெப்பத்தில்தான் வாழும். அதன் இறக்கை ஓடு சேற்றில் கிடைத்தால், அந்தக் காலத்தின் வெப்பமானி கிடைத்த மாதிரி. பல பத்தாண்டுகள் வண்டு ஓடுகளையே படித்துத் தேர்ந்த ரஸ்ஸல் கூப் இந்தக் குழுவில் இருந்தார். கோடை இன்றைய இங்கிலாந்து போலவும், குளிர்காலம் அதைவிடக் கடுமையாகவும் இருந்தது. மொத்தத்தில் இன்றைய தெற்கு ஸ்காண்டிநேவியா மாதிரியான காலநிலை என்று தெரியவந்தது.

அந்தக் குளிரை 93 செ.மீ. குழந்தை எப்படித் தாங்கியது? நெருப்பு இருந்ததா? தோலைப் போர்த்திக்கொண்டார்களா? எதற்கும் அங்கே சான்று கிடைக்கவில்லை. விடை இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.

கடற்கரையே வகுப்பறை

காந்தம் படித்தவர், வண்டு படித்தவர், மகரந்தம் படித்தவர், எலும்பு படித்தவர், கல் கருவி படித்தவர் என எல்லாரும் ஒரே சேற்றில் முழங்காலிட்டு உட்கார்ந்தால்தான் இப்படி ஒரு கதை விரியும். பல்கலைக்கழகங்களில் இவர்கள் வேறு வேறு கட்டடங்களில் இருப்பார்கள். இவர்களை ஒன்றாகச் சேர்த்து வயல்வெளிக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போகும் அமைப்பு ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. அதன் பெயர் குவாட்டர்னரி ஆய்வுச் சங்கம்.

அது என்ன குவாட்டர்னரி? பூமியின் 460 கோடி ஆண்டு வரலாற்றில் கடைசி 26 லட்சம் ஆண்டுகளுக்கு இந்தப் பெயர். பனிப்பாளங்கள் வந்து வந்து போன காலம். கடல் மட்டம் ஏறி இறங்கிய காலம். மனித இனம் தலையெடுத்த காலம். நாம் வாழ்வதும் இதில்தான். மலை உருவான கதையைப் படிப்பவர்களுக்கு இது நேற்று நடந்தது. வரலாறு படிப்பவர்களுக்கோ இது எட்டாத தூரம். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இந்தக் காலத்துக்காகவே 1964-ல் சில ஆய்வாளர்கள் கூடி, களத்துக்குப் போய் ஆராயும் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். 1968-ல் அது இன்றைய பெயரைப் பெற்றது.

'அறையில் பேசியது போதும், இடத்தைப் போய்ப் பார்ப்போம்' என்பதுதான் இந்தச் சங்கத்தின் வழக்கம். பேராசிரியரும் முதலாண்டு ஆராய்ச்சி மாணவரும் ஒரே மண் சுவருக்கு முன்னால் நிற்பார்கள். கண்ணெதிரே மண் அடுக்கை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். ஹேஸ்பரோ களிமண்ணின் வயது பற்றிய சண்டையும் அப்படி வளர்ந்ததுதான். ஒவ்வொரு பகுதிக்கும் கையேடு போடுவதும் சங்கத்தின் பழக்கம். நாயோடு நடந்தவர் கைக்கோடரியை எடுத்த அதே 2000-ம் ஆண்டில்தான், நார்ஃபோக், சஃபோக் பகுதிகளுக்கான கையேடும் வெளியானது. அதைத் தொகுத்த மூவரில் இருவர், பத்தாண்டு கழித்து வந்த 'நேச்சர்' கட்டுரையிலும் பங்கேற்றார்கள்.

இளம் ஆய்வாளர்களின் களப் பணிக்கும் பரிசோதனைச் செலவுக்கும் சங்கம் நிதி தருகிறது. பெரிய தொகைகள் அல்ல. ஆனால், ஒரு மாணவர் கடற்கரைக்குப் போய், மண் எடுத்து, அதன் வயதைக் கண்டறிய அது உதவும்.

வாயிற்காவலர் பெயரில் ஒரு பதக்கம்

சங்கம் தரும் மிக உயர்ந்த விருதின் பெயர் ஜேம்ஸ் க்ரோல் பதக்கம். யார் இந்த க்ரோல்?

1821-ல் ஸ்காட்லாந்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. ஆலை இயந்திரம் பழுதுபார்த்தார், தச்சு வேலை செய்தார், தேயிலைக் கடை வைத்தார், விடுதி நடத்தினார், காப்பீட்டு முகவராக அலைந்தார். எதுவும் ஒட்டவில்லை. 1859-ல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் கல்லூரியில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் குறைவு. ஆனால், அந்தக் கல்லூரியில் ஒரு நல்ல நூலகம் இருந்தது!

வேலை நேரம் போக மீதியெல்லாம் அந்த நூலகத்தில்தான். 1864-ல் அவர் எழுதிய கட்டுரை அறிஞர்களைத் திடுக்கிட வைத்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை மெல்ல மெல்ல மாறுவதுதான் பனியுகங்கள் வந்துபோகக் காரணம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அவருடைய கணக்கில் பிழைகள் இருந்தன. பிற்காலத்தில் செர்பிய அறிஞர் மிலான்கோவிச் அதை விரிவாகச் செப்பனிட்டார். அடிப்படை எண்ணம் இன்றும் நிற்கிறது. 1876-ல் லண்டன் ராயல் சொசைட்டி அந்த முன்னாள் காவலாளியைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது.

அவர் விளக்க முயன்ற அதே பனிதான், ஹேஸ்பரோவின் கரை மேட்டையும் கட்டியது.

கடற்கரைச் சாலையின் ஒன்பது வீடுகள்

அந்தக் கரை மேட்டில்தான் இந்த ஊரின் துயரமும் இருக்கிறது. பனிப்பாளம் கொட்டிய களிமண்ணும் மணலும் பாறையல்ல. மழை நீர் உள்ளே இறங்கினால் மேலிருந்து சரியும். அலை அடித்தால் கீழிருந்து கரையும்.

கடல் இங்கே நிலத்தைத் தின்பது புதிதல்ல. கலங்கரை விளக்கத்துக்கு ஒரு காலத்தில் ஜோடி இருந்தது. கடல் நெருங்கிவிட்டதால் 1883-ல் அதன் விளக்கை அணைத்துவிட்டார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இருந்த எக்கில்ஸ் கிராமம் முழுவதும் கடலுக்குள் போய், அதன் தேவாலயக் கோபுரம் மட்டும் கடற்கரை மணலில் தனியாக நின்றது. 1895-ல் ஒரு புயலில் அதுவும் விழுந்தது.

1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி, இங்கிலாந்தில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஹேஸ்பரோ கரையில் மரத் தடுப்பு அரண்கள் எழுந்தன. அவை 1990-களில் சிதைந்தன. செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று முழு நீளத்துக்கும் புதிய அரண் கட்டப்படவில்லை. கடல் உள்ளே நுழைந்து கரையைப் பிறை வடிவில் குடைந்தது. 'ஹேஸ்பரோவுக்கு ஒரு பாறை வாங்கித் தாருங்கள்' என்று ஊர் மக்கள் பணம் திரட்டி, கரையில் பாறைகளைக் கொட்டினார்கள். வேகம் குறைந்தது, கடல் நிற்கவில்லை.

கடற்கரைச் சாலையில் விளிம்புக்கு வந்துவிட்ட ஒன்பது வீடுகளை, அரசின் சோதனைத் திட்டம் ஒன்றில் கிடைத்த நிதியைக் கொண்டு உள்ளாட்சி மன்றம் வாங்கி, 2012-ல் இடித்தது. கடல் அரிப்பில் போகும் வீட்டுக்கு இழப்பீடு தரும் சட்டம் இங்கிலாந்தில் இல்லை. அதனால் அந்தத் தொகையே பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும், பிள்ளைகள் வளர்ந்த வீட்டுக்கு யாரால் விலை போட முடியும்?

இதில்தான் மனதைப் பிசையும் ஒரு கணக்கு இருக்கிறது. அரண் உறுதியாக நின்றிருந்தால் வீடுகள் தப்பியிருக்கும். காலடிகள் வெளியே வந்திருக்காது. வீடுகளைக் கொண்டுபோன அதே கடல்தான் காலடிகளைக் காட்டியது. காட்டிய கையோடு அவற்றையும் எடுத்துக்கொண்டது.

இந்த மண் சொல்வது பழங்கதை மட்டுமல்ல. கடல் மட்டம் எத்தனை முறை ஏறியது, எவ்வளவு வேகத்தில் ஏறியது, கரை எப்படிப் பின்வாங்கியது என்பதெல்லாம் இந்த அடுக்குகளில் இருக்கிறது. கரையோரம் வாழும் யாருக்கும் அது தேவைப்படும் கணக்கு. அலை அந்தப் பக்கங்களைக் கிழிப்பதற்குள் யாராவது படித்தாக வேண்டும்.

நீங்கள் போவதானால்...

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நார்விச் நகருக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹேஸ்பரோ ஏறத்தாழ 30 கி.மீ. நார்விச் கோட்டை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் அந்தக் கைக்கோடரி இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் உள்ளே ஏறிப் பார்க்கக் கோடையில் சில நாள்கள் மட்டும் அனுமதி, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்கு இறங்கும் முன் அலை இறங்கும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கரை மேட்டின் அடியிலோ விளிம்பிலோ நிற்க வேண்டாம்; எச்சரிக்கை இல்லாமல் சரியும். மேட்டைத் தோண்டவும் கூடாது. மணலில் வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் படமெடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். இங்கே பெரிய கண்டுபிடிப்பைத் தொடங்கி வைத்தவர், நாயோடு நடக்கப் போனவர்தான்.

குழந்தைகளை அழைத்துப் போனால், ஈர மணலில் ஒரு நிமிடம் நடக்க விடுங்கள். அவர்களின் பிஞ்சுக் காலடி அடுத்த அலைவரைதான் இருக்கும். அதே கரையில், 93 செ.மீ. உயரத்தில் ஒரு குழந்தை பெரியவர்களுக்குப் பக்கத்தில் நடந்துபோயிருக்கிறது. அதன் காலடியும் இன்று அங்கே இல்லை. ஆனால், அது நடந்தது நமக்குத் தெரியும். கொட்டும் மழையில் சிலர் நனைந்துகொண்டே படமெடுத்ததால்!